நெய்தல் பே குடியிருப்பில் கடல் திருட்டு

கீழக்குயில்குடிக்குப் போகிற சாலையில் ஒரு கடல் இருக்கிறது. மதுரைக்குள் யாரிடம் சொன்னாலும் சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். சமணர் மலைக்குக் கூப்பிடு தூரத்தில் நூற்றுப் பதினாறு வீடுகள், ஒரு தோரண வாயில், ஒன்பது காவலாளிகள், நடுவே ஏழு ஏக்கரில் கடல். குடியிருப்பின் பெயர் நெய்தல் பே. இராமேஸ்வரம் கடலுக்குக் காரில் மூன்றரை மணி நேரம், நெய்தல் பே கடலுக்கு உங்கள் வாசலிலிருந்து மூன்றரை நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

கடல் என்றால் சும்மா இல்லை. தரையில் நீலத் தாள் விரித்து, அதன்மேல் லாரி லாரியாக மணலைக் கொட்டி, ஆறு ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரைப் பாய்ச்சி, ஓரத்தில் அலை எழுப்புகிற இயந்திரம் ஒன்றையும் வைத்திருந்தார்கள். அலை நேரம் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஐந்து முதல் ஆறு. அமாவாசையன்று பராமரிப்புக்காக அலை கிடையாது. கரையில் உயரமான நாற்காலியில் சிவப்பு பனியன் போட்டு உட்கார்ந்திருப்பவன் மொக்கையன், உயிர்காப்பாளர். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அதே இடத்தில் ஆடு மேய்த்தவன். அப்போது அவனுக்கு நாற்காலி இல்லை, விசில் இல்லை, மற்றபடி வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்வான்.

குடியிருப்பின் கோடியில், மண்கரையை ஒட்டிய கடைசி வீடு முத்துக்குமரனுடையது. வரவேற்பறையிலிருந்து கடல் தெரியாது. குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தண்ணீருக்குள் குறுக்குக் கல் போட்ட இரண்டு கல்தூண்கள் தெரியும். தூண்கள் பார்க்க அம்சமாக இருக்கின்றன என்று நீலத் தாளை அவற்றைச் சுற்றி வெட்டிவிட்டு அப்படியே நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'கடலில் மூழ்கிய பழந்துறைமுகத்தின் எச்சம். ஏறாதீர்கள்.'

வீடு பார்க்க வந்த முதல் நாளே முத்துக்குமரன் அந்தத் தூண்களை அடையாளம் கண்டுகொண்டான். அது ஒச்சம்மா கண்மாயின் மடை. கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற வாய். அவனுடைய அப்பா சுருளி அந்தத் தூணைப் பிடித்து முங்கி, அடியில் இருக்கிற துளையின் கட்டையை உருவித் தண்ணீர் திறந்த மடைக்காரர். கரைக்குக் கீழே இருந்த அத்தனை வயலும் அவர் கையால் பாய்ந்தன. அதில் ஒரு சாண்கூட அவருக்குச் சொந்தமில்லை. அவர் மகன் விளாங்குடியில் பதினான்கு வருடம் வாடகைக்கு இருந்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி, சம்பளத்தை வங்கிக்கு எழுதிக் கொடுத்து இங்கே வீடு வாங்கினான் என்றால், அது கடல்காற்று வாங்குவதற்காக இல்லை. அப்பா ஈரத்துணியோடு நின்ற மண்ணில் தன் பெயரில் ஒரு கதவு.

கண்மாய்க்குள் வீடு கட்டலாமா என்று உள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. பத்திரம் சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் நம்ப ஆசைப்பட்டான்.

குடியிருப்பை ஆள்வது நெய்தல் பே கடலோர வாழ்வோர் நலச் சங்கம். தலைவர் அழகுபாண்டி பத்திரப் பதிவில் முப்பத்து நான்கு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்த்து எதையும் நம்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது, நகல் கேட்பார். காரியதரிசி கனகா நகரத்தில் இரண்டு மழலையர் பள்ளி நடத்துகிறவர். பெரியவர்களிடமும் அந்தக் குரலிலேயே பேசுவார். கூட்டம் முடிந்ததும் எல்லோரையும் கை தட்டச் சொல்வார்.

சங்கத்தின் விதிகள் மொத்தம் இருநூற்று ஆறு. மொட்டைமாடியில் துணி காயப்போடக் கூடாது. அலை நேரத்தில் கைலி கட்டிக்கொண்டு கரைக்கு வரக் கூடாது, அரைக்கால் சட்டைதான். வெளியிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் கடலைக் 'குளம்', 'தொட்டி', 'தண்ணி' என்றெல்லாம் சொல்லக் கூடாது. முத்துக்குமரனின் பக்கத்து வீட்டுக்காரர் சேக் இஸ்மாயில், நகரத்துக்குள் பிளாஸ்டிக் வாளிக் கடை வைத்திருப்பவர், ஒரு மத்தியானம் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் மூன்று கமிட்டி உறுப்பினர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசலில் வந்து நின்றார்கள். 'கடலோர வாழ்க்கைக்குப் பொருந்தாத மணம்' என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"கடலுக்குப் பக்கத்துல கருவாடு வறுக்கக் கூடாதுன்னா வேற எங்க மாப்ள போயி வறுக்குறது, கொடைக்கானல்லயா?" என்று இஸ்மாயில் அந்த நோட்டீஸை முத்துக்குமரனிடம் காட்டிக் கேட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், மாசி மாதத்தில் ஒரு நாள் கடல் இரண்டு விரற்கடை குறைந்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் இரண்டு விரற்கடை. ஆறு குழாயும் விடாமல் ஓடியும் குறைந்துகொண்டே வந்தது. தூணில் நீல வண்ணத்தில் எழுதியிருந்த கடல்மட்டக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பத்தாவது நாள் சங்கம் அவசரமாகக் கூடியது. வெயில் குடித்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அழகுபாண்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"வெயில் போன வருசமும் அடிச்சது. அப்பக் கொறையல. அப்ப இது ஆளு செஞ்ச வேல," என்றார். "நம்ம கடல யாரோ திருடுறாங்க. வெளியாளு உள்ள வர முடியாது, ஒம்பது வாட்ச்மேன் இருக்கான். அதனால திருடன் இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான். பக்கத்துல இருக்குறவங்கள ஒரு தடவ நல்லாப் பாத்துக்கங்க."

எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்களை நல்லாப் பார்த்துக்கொண்டார்கள். கனகா கை தட்டச் சொன்னார்.

அன்றிலிருந்து குடியிருப்பில் யாருக்கும் யாரையும் பிடிக்கவில்லை. கடலைப் பார்த்துப் பத்தொன்பது கேமராக்கள் பொருத்தினார்கள். வாளிப் பதிவேடு ஒன்று திறந்து, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை வாளி, எத்தனை குடம், எத்தனை அண்டா என்று எழுதி வாங்கினார்கள். இஸ்மாயிலின் மாடி அறையில் கடைச் சரக்காக நானூற்று முப்பது வாளிகள் இருந்ததைப் பார்த்ததும் கமிட்டிக்கு மூச்சே நின்றுபோனது. ஒவ்வொரு வாளிக்குள்ளும் விரலை விட்டு ஈரம் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வரை பார்த்தும் முடியவில்லை.

குளித்துவிட்டு வருகிற பிள்ளைகள் கால்சட்டையைக் கரையிலேயே பிழிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மொக்கையனுக்குப் பிழிவதை மேற்பார்வை பார்க்கிற வேலை கூடுதலாகக் கிடைத்தது. அடுத்து, செடிகள். யார் வீட்டுத் தோட்டம் பச்சையாக இருக்கிறதோ அந்த வீட்டு மேல் சந்தேகம் என்று கனகா அறிவித்ததும், வீட்டுக்கு வீடு ராத்திரியோடு ராத்திரியாகச் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். பங்குனிக்குள் நூற்றுப் பதினாறு தோட்டமும் கருகிப்போயின. காய்ந்த துளசிச் செடியை வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தவர்களுக்கு மரியாதை கூடியது.

முத்துக்குமரனுக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. மடைத் துளையை அடைத்திருந்த பழைய கட்டை இற்றுப்போயிருக்கும். கரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். இருபது வருடமாகக் கருவேலம் மண்டிக் கிடந்த வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நாலு ஏக்கரில் யாரோ நாற்று நட்டிருந்தார்கள்.

மனைவி பாண்டிமீனாவிடம் சொன்னான். அவள் திருப்பரங்குன்றத்தில் தையல் கடை வைத்திருப்பவள். எதையும் அளந்து பார்த்துத்தான் பேசுவாள்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க," என்றாள். "இவங்களுக்குத் தண்ணி எங்க போகுதுன்னு தெரிய வேண்டியதில்ல. யாரு எடுத்தாங்கன்னுதான் தெரியணும்."

கேட்டிருக்கலாம். ஆனால் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று பழகியவன் அவன். நேரே அழகுபாண்டியின் வீட்டுக்குப் போய், ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினான். கண்மாய், மடை, துளை, கட்டை. அரை மணி நேர வேலை, ஒரு வாகை மரக்கட்டை இருந்தால் போதும் என்றான். அழகுபாண்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"மிஸ்டர் முத்துக்குமரன், இங்க கண்மாய் இருந்துச்சுன்னு யாரு சொன்னது?"

"நானே குளிச்சிருக்கேன் சார், சின்னப்பிள்ளையில."

"குளிச்சதுக்கு ரெக்கார்டு இருக்கா?"

முத்துக்குமரன் படத்தில் மடையை விரலால் தொட்டுக் காட்டினான்.

"நான் முப்பத்தி நாலு வருசம் இந்தப் பூமிய எழுதுனவன். பத்திரத்துல 'காலி மனை'ன்னு போட்டிருக்கு. பத்திரத்துல இல்லாத கண்மாய் பூமியில எப்படி இருக்கும்? கண்மாயே இல்லைங்கும்போது அதுக்கு மடை எங்கிட்டு இருந்து வரும்? மடையே இல்லைங்கும்போது அது வழியாத் தண்ணி எப்படிப் போகும்?" படம் வரைந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. கடல்லருந்து தண்ணிய எப்படி வெளிய கொண்டுபோகலாம்னு இம்புட்டு வெவரமாத் தெரிஞ்ச ஆளு இந்தக் குடியிருப்புல நீங்க ஒருத்தர்தான்."

வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில் கேமராக்கள் தன் பக்கம் திரும்புகிற மாதிரி முத்துக்குமரனுக்குத் தோன்றியது. அது தோற்றம்தான். ஆனால் மறுநாள் உண்மையாகவே இரண்டைத் திருப்பி வைத்தார்கள்.

வைகாசியில் விஷயம் முற்றிப்போனது. அதற்குக் காரணம் பேச்சிமுத்து.

கரைக்குக் கீழே நாலு ஏக்கரில் நட்டவர் அவர்தான். கண்மாயில் தண்ணீர் திறந்துவிடுகிற மடைக்காரனுக்கு அறுவடையில் ஒரு பங்கு நெல்லைக் களத்திலேயே அளந்து கொடுப்பது இந்தப் பக்கத்து முறை. இருபது வருடமாகத் தண்ணீரும் இல்லை, முறையும் இல்லை. இந்த வருடம் தண்ணீர் வந்துவிட்டது, நெல்லும் விளைந்துவிட்டது. முறை என்று ஒன்று இருக்கிறதே என்று மனிதர் ஒரு மூட்டை நெல்லை டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கட்டி, சுருளி மகன் வீடு எது என்று கேட்டுக்கொண்டு தோரண வாயிலில் வந்து நின்றுவிட்டார்.

வாயிலில் வருகைப் பதிவேடு உண்டு. யாரைப் பார்க்க, என்ன காரணம் என்று காவலாளி கேட்டான். பேச்சிமுத்துவுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்?

"முத்துக்குமரனப் பாக்கணும். தண்ணி விட்டதுக்கு நெல்லு."

காவலாளி கேட்டதை அப்படியே எழுதினான். 'வந்த காரணம்: முத்துக்குமரன் சார் தண்ணீர் விட்டதற்கு நெல்.' பேச்சிமுத்து பக்கத்தில் கைநாட்டு வைத்தார். அதற்குள் மொக்கையன் ஓடிப்போய் முத்துக்குமரனைக் கூட்டிவந்தான்.

"சித்தப்பா, நான் எதையும் தொறந்து விடலயே," என்றான் முத்துக்குமரன் பதறிப்போய்.

"தண்ணி வந்துச்சுல்ல?"

"அது தானா வந்துச்சு."

"தானா வந்தாலும் மடை ஒங்க மடைதான? ஒங்கய்யா இருந்தா அவருக்கு. இல்லாததுனால ஒனக்கு. இதுல என்னப்பா இருக்கு, எறக்குங்க," என்று மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

முத்துக்குமரன் அந்த மூட்டையின் மேல் கையை வைத்தான். அப்பா செத்து ஒன்பது வருடம் ஆகிறது. அவரை நினைத்து ஒருவர் நெல் கொண்டுவந்திருக்கிறார் என்றதும் கண் கலங்கிவிட்டது. அதைப் பதினாறாம் எண் கேமரா பதிவு செய்தது. குற்ற உணர்ச்சி என்று கமிட்டி பின்னால் குறிப்பெழுதியது.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் 'கப்பல் அறை'யில் நடந்தது. சங்கக் கட்டடத்தின் மாடிக்கு அந்தப் பெயர். சுவரில் கப்பலின் சுக்கான் சக்கரம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். மேசைமேல் நெல்மூட்டை, அதன்மேல் வருகைப் பதிவேடு. அழகுபாண்டி பதிவேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

"இது டாக்குமெண்டு," என்றார். "தேதி இருக்கு, நேரம் இருக்கு, சாட்சி கைநாட்டு இருக்கு. 'முத்துக்குமரன் சார் தண்ணீர் விட்டதற்கு நெல்.' இதுக்கு மேல கடவுளே வந்து சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

"குட்," என்றார் கனகா கனிவோடு. "இப்ப நம்ம முத்துக்குமரன் சார் சமத்தா உண்மையச் சொல்லிருவாராம். ஏழு ஏக்கர் கடல எப்படி எடுத்துட்டுப் போனீங்க?"

"மேடம், நான் எடுக்கல. மடைக்கட்டை இத்துப்போச்சு, தண்ணி வெளிய போகுது. இப்ப எங்கூட வாங்க, காட்டுறேன். நடந்து போனா அஞ்சு நிமிசம்."

"பாக்க வேண்டாம்," என்றார் அழகுபாண்டி சட்டென்று. "கமிட்டி எதையும் போயிப் பாக்குறது வழக்கமில்ல."

பின்வரிசையிலிருந்து இஸ்மாயில் எழுந்தார். "தலைவரே, ஒரு மனுசன் அம்புட்டுத் தண்ணிய எதுல அள்ளுவான்? எங்கிட்ட வாளி வாங்கிருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

"உங்க வாளிய நாங்க இன்னும் எண்ணி முடிக்கல," என்றார் அழகுபாண்டி. இஸ்மாயில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அழகுபாண்டி முத்துக்குமரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அதுவரை மிஸ்டராக இருந்தவன் தம்பியானான்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கங்க. மடைன்னு ஒண்ணு இங்க இல்ல. ஆனா அந்த இல்லாத மடைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குறது உங்க வீடுதான். கண்மாய்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, நாளைக்குக் கோர்ட்டுல இருந்து மெசினு வரும். அது எந்த மூலையில இருந்து இடிக்க ஆரம்பிக்கும்னு நெனைக்கிறீங்க?"

எழப்போன முத்துக்குமரனை அழகுபாண்டி தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நூத்திப் பதினாறு குடும்பம். எல்லாருக்கும் லோன் ஓடுது. கண்மாய்ல குடியிருக்கோம்னு தெரியுறதவிட, கூட ஒரு திருடனோட குடியிருக்கோம்னு தெரியுறது அவங்களுக்கு நிம்மதி. எழுதிக் குடுத்திருங்க. போலீசுக்குப் போக மாட்டோம், குடியிருப்புக்குக் கெட்ட பேரு."

"எழுதலன்னா?"

"வீடு உங்களுது தம்பி. யாரு இல்லைன்னா? ஆனா கேட்டு எங்களுது. நாளையில இருந்து உங்க கார்டுக்குத் தொறக்காது."

அன்று மத்தியானம் முழுவதும் முத்துக்குமரன் வீட்டுக்குள் அறை அறையாக நடந்தான். பாண்டிமீனா அவனுக்கு எதிரே தையல் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளே சொன்னாள்.

"எழுதிக் குடுங்க. மானம் போகட்டும், வீடு இருக்கட்டும். ஒங்கப்பா அம்புட்டு வருசம் மானமாத்தான இருந்தாரு, ஓலக் குச்சுக்குள்ள."

அவளுக்கு அதைச் சொல்லும்போது அழுகை வந்தது. அவன் போய் எழுதிக் கொடுத்தான். 'நெய்தல் பே கடலை நான்தான் திருடினேன். இனி அனுமதியில்லாமல் கடலைத் திருட மாட்டேன்.' எந்த முறையில் திருடினார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். கனகா அதில் 'சிறுகச் சிறுக' என்று நிரப்பிக்கொண்டார். கூட்டத்தில் அதை வாசித்ததும் பலத்த கைதட்டல் எழுந்தது. அதோடு விடாமல், வாக்குமூலம் தந்தவரின் நேர்மையைப் பாராட்டி ஒரு தீர்மானமும் போட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் முத்துக்குமரன் ஒரு வாகைக்கட்டையைச் செதுக்கி எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். தூணைப் பிடித்து முங்கி, இற்றுப்போன கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக்கட்டையைச் சொருகி அடித்தான். அறுவடை முடிந்துவிட்டதால் கீழே யாருக்கும் நட்டமில்லை. அன்றிலிருந்து கடல் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அவன் திருடியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று குடியிருப்பே பேசிக்கொண்டது. எழுதிக் கொடுத்த மறுநாளே தண்ணீர் நின்றுவிட்டது பாருங்கள் என்றார்கள். பிள்ளைகள் அவனைக் கடந்து போகும்போது தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. மலையில் விழுந்த தண்ணீர் பழைய கால்வாய்த் தடத்தைத் தேடி வந்து குடியிருப்புக்குள் இறங்கியது. பத்திரத்தைப் படித்திராத தண்ணீர் அது. ஒச்சம்மா கண்மாய் எது வரைக்கும் இருந்ததோ அது வரைக்கும் போய் நின்றுகொண்டது. முதல் வரிசை வீடுகளில் சோபாக்கள் மிதந்தன. அலை இயந்திரம் முங்கிவிட்டது. மொக்கையன் தன் நாற்காலியில் ஏறி நின்று விசிலை ஊதிக்கொண்டே இருந்தான், யாரைக் கூப்பிடுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

முத்துக்குமரன் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பாண்டிமீனா தையல் மிஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு, கட்டிலை எதன்மேல் தூக்கி வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மடைக்கட்டையை உருவினால் சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும். முத்துக்குமரன் இரண்டு தடவை கைலியை மடித்துக் கட்டினான், இரண்டு தடவையும் அவிழ்த்துவிட்டான். கட்டையில் கை வைத்தால் கேட் திறக்காது. வைக்காவிட்டால் உள்ளே போக வீடு இருக்காது.

அப்போது வாசலில் காற்றடைத்த ரப்பர் படகு ஒன்று வந்து சுவரில் முட்டியது. உள்ளே அரைக்கால் சட்டையோடு அழகுபாண்டி, குடை பிடித்தபடி கனகா. கனகாவின் குரலில் அன்றைக்கு மழலையர் பள்ளி இல்லை.

"தம்பி," என்றார் அழகுபாண்டி. "அவசரக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டாச்சு. கடல் கூடிப்போச்சு. நீங்க... அந்த வேலைய... இன்னொரு தடவ செய்யணும்."

"எந்த வேலைய சார்?"

"அதான். திருட்ட."

"எழுதிக் குடுத்திருக்கேனே சார், அனுமதியில்லாமத் திருட மாட்டேன்னு."

"அனுமதி கையில இருக்கு," என்று கனகா பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முத்துக்குமரன் வாங்கி வாசித்தான். 'மிகுதியாக உள்ள கடலை முன்னர் கையாண்ட அதே முறையில் அப்புறப்படுத்த உறுப்பினர் முத்துக்குமரன் அவர்களுக்கு அனுமதி வழங்கப்படுகிறது.' அவனுக்குள் எட்டு மாதமாக அடங்கிக் கிடந்தது ஏதோ மேலே வந்தது.

"சார், இதுல ஒரே ஒரு வார்த்த சேத்து எழுதுங்க. 'மடையைத் திறந்து'ன்னு. எழுதிக் குடுத்த மறுநிமிசம் இறங்குறேன்."

அழகுபாண்டி பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். படகுக்குள் வந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். அவருடைய வீட்டில் தரைத்தளம் முழுவதும் போய்விட்டது, இரும்புப் பீரோவில் பத்திரங்கள் இருந்தன. மழை பேனா முனையில் சொட்டியது. வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்தார்.

"வேற வார்த்த ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"இவரு எழுதி முடிக்கிறதுக்குள்ள கூரைக்கு வந்துரும்," என்று உள்ளேயிருந்து பாண்டிமீனா கத்தினாள். "நீங்க இறங்குங்க. நமக்காக இறங்குங்க."

முத்துக்குமரன் அந்தத் தாளை அழகுபாண்டியின் மடியில் போட்டுவிட்டு நடந்தான். இரண்டு ஆள் ஆழத்தில் செம்மண் தண்ணீர். தூணின் தலை மட்டும்தான் வெளியே இருந்தது. பிடித்துக்கொண்டு முங்கினான். அவனே அடித்து இறுக்கிய கட்டை முதல் தடவை அசையவில்லை, இரண்டாம் தடவையும் அசையவில்லை. மூச்சு முட்டிக்கொண்டு மேலே வந்தபோது கரைமேல் நூற்றுப் பதினாறு வீட்டுக்காரர்களும் குடையோடு நிற்பதைப் பார்த்தான். மூன்றாம் தடவை இரண்டு காலையும் கல்லில் உதைத்து இழுத்தான். கட்டை கையோடு வந்தது. தண்ணீர் அவனைத் துளைப் பக்கம் இழுத்தது. தூணைக் கட்டிக்கொண்டு தப்பித்து மேலே வந்தான். இதை அப்பா வருடா வருடம் செய்தார், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று நினைத்தபோது அவனுக்கு அந்த மனிதர் மேல் கோபமும் பிரியமும் சேர்ந்து வந்தன.

சாயங்காலத்துக்குள் வீடுகள் வெளியே வந்துவிட்டன. கரைக்குக் கீழே வாய்க்கால் நிரம்பிப் போயிற்று. நடவுக்கு ஏற்ற தண்ணீர்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காவலாளி ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தான். பாண்டிமீனா சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்த துடைப்பத்தை நிறுத்திவிட்டு, வாசியுங்கள் என்றாள். முத்துக்குமரன் வாசித்தான்.

'நேற்று நமது கடல் மீண்டும் திருடப்பட்டுள்ளது. வழங்கப்பட்ட அனுமதிக் கடிதத்தை உறுப்பினர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டதால், இது அனுமதியில்லாத திருட்டு எனக் கமிட்டி கருதுகிறது. ஏழு நாட்களுக்குள் இணைப்புப் படிவத்தில் விளக்கம் தரவும்.'

வாசித்து முடித்ததும் பாண்டிமீனா துடைப்பத்தோடு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறாள். முத்துக்குமரன் சன்னல் திண்டில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தான்.

'ஆமாம், நான்தான் திருடினேன். அடுத்த மழைக்கும் நானேதான் திருடுவேன். கேட்டைப் பூட்டினால் கரை வழியாக வருவேன். நீங்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் கால் நனையாமல் இருங்கள்.'

படிவத்தின் கடைசியில் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. இத்தனை வருடமாக எல்லாப் படிவத்திலும் விரிவுரையாளர் என்று எழுதியவன், மடைக்காரர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான்.

சங்க அலுவலகத்தில் அழகுபாண்டி படிவத்தை இரண்டு முறை வாசித்தார். ஒப்புதல் வாக்குமூலம் தெளிவாக இருப்பதாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். தொழில் கட்டத்துக்கு வந்ததும் முகம் மாறியது. அந்த ஒரு வார்த்தையைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'திருடர்' என்று திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, முத்திரை குத்தினார். பிறகு மழை மறுபடி வலுக்கிறதா என்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, முத்துக்குமரனின் கேட் கார்டைப் புதுப்பிக்கச் சொன்னார்.